அன்றும் இன்றுமா, ஆண்டுதோறுமா, அங்குலம் அங்குலமாகவா? கைவிடப்பட்ட வரலாற்றிடங்களைப் படமெடுக்கும் முறைகள்: ஓர் ஒப்பீடு

ஆள் நடமாட்டம் நின்றுபோன பழைய ரயில் நிலையம், கூரை இறங்கிய ஆலை, முட்புதருக்குள் பாதி மறைந்த மதில் என ஏதோ ஓர் இடம் ஒருவர் கண்ணில் பட்டு, அது முழுவதும் அழிவதற்குள் படமெடுத்து வைத்துவிட வேண்டும் என்ற எண்ணமும் வந்துவிட்டால், அடுத்து அவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் எந்தக் கேமரா வாங்குவது என்பதாகவே இருக்கிறது. அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. எந்த முறையில் பதிவு செய்வது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், அதற்குரிய கருவி எது என்பது தானாகவே தெளிவாகிவிடும். முறையை முடிவு செய்யாமல் வாங்கிய கேமரா எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சில நூறு அழகான படங்களைத் தரும். பத்து ஆண்டுகள் கழித்து அந்தச் சுவரில் விரிசல் எப்போது வந்தது என்று யாராவது கேட்டால், அத்தனை படங்களிலும் பதில் இருக்காது.

பழக்கத்தில் உள்ள முறைகளை நான்காகப் பிரிக்கலாம். பழைய புகைப்படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எடுத்தவர் நின்ற இடத்தைத் தேடிப் பிடித்து, அதே சட்டகத்தில் இன்றைய காட்சியை எடுப்பது முதல் முறை. 'அன்றும் இன்றும்' என்று பக்கத்தில் பக்கமாக வைத்துக் காட்டப்படும் இணைப்படங்கள் இதன் எளிய வடிவம். பழைய படம் எதையும் தேடாமல், இன்று எடுப்பதையே முதல் படமாகக் கொண்டு, குறித்து வைத்த ஓர் இடத்திலிருந்து ஆண்டுதோறும் எடுத்துக்கொண்டே போவது இரண்டாவது. ஒரே மூச்சில் இடத்தின் எல்லாப் பக்கங்களையும் வரிசைப்படி எடுத்து முடித்துவிடுவது மூன்றாவது. ஒன்றின் மேல் ஒன்று படியும்படி நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து, மென்பொருள் வழியாக முப்பரிமாண மாதிரியாக மாற்றுவது நான்காவது. இவற்றை எடைபோட நான் ஓர் அளவுகோலையே பயன்படுத்துகிறேன். நமக்குப் பின் வரும் ஒருவர், நம்மிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்க முடியாத நிலையிலும், நாம் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர முடியுமா என்பதுதான் அது. கட்டடங்களின் மாற்றம் பெரும்பாலும் ஒருவருடைய ஆயுளுக்குள் அடங்குவதில்லை என்பதால், தனி ஒருவரோடு முடிந்துபோகும் பதிவு எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பாதிப் பதிவுதான்.

முதல் முறையை ஓர் ஒழுங்கான துறையாகவே ஆக்கிக் காட்டியது 1977 முதல் 1979 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நடந்த மறுபடப் பணி. மார்க் கிளெட், எலன் மான்செஸ்டர், ஜோஆன் வெர்பர்க் ஆகியோர் தொடங்கிய அந்தப் பணியில், திமோத்தி ஓசல்லிவன், வில்லியம் ஹென்றி ஜாக்சன் போன்றவர்கள் 1860-களிலும் 1870-களிலும் அரசு நில ஆய்வுக் குழுக்களோடு சென்று எடுத்த படங்களை எடுத்துக்கொண்டு, 120-க்கும் மேற்பட்ட இடங்களில், அவர்கள் முக்காலி வைத்த இடத்திலேயே மீண்டும் முக்காலி வைத்தார்கள். 'ஏறக்குறைய அதே இடம்' என்று திருப்தி அடையாமல், சில அங்குலங்களுக்குள் இடத்தைப் பிடித்துவிட வேண்டும் என்ற பிடிவாதம்தான் அந்தப் பணியை மற்ற இணைப்படங்களிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி கேட்பதற்குக் கடினமாகத் தோன்றினாலும், உண்மையில் நூல் பிடித்துப் பார்ப்பது போன்றதுதான். பழைய படத்தில் அருகில் உள்ள ஒரு தூணின் வலது விளிம்பு, தொலைவில் உள்ள ஒரு ஜன்னலின் இடது ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூணும் ஜன்னலும் இன்றும் இருந்தால், அவ்விரண்டையும் சேர்த்து நம்மை நோக்கி இழுக்கும் நேர்கோட்டின் மேல்தான் கேமரா எங்கோ நின்றிருக்க வேண்டும். படத்தின் மறுபக்கத்தில் இதேபோல் அருகே ஒன்று, தொலைவில் ஒன்று என இன்னொரு இணை கிடைத்தால் இரண்டாவது கோடு கிடைத்துவிடும். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் நாம் தேடுவது. அருகிலுள்ள கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பு தொலைவிலுள்ள வாசற்படிக்கு மேலே தெரிகிறதா, கீழே தெரிகிறதா என்று பார்த்தால் கேமராவின் உயரமும் தெரிந்துவிடும். லென்ஸ் எது என்ற கவலை அதற்குப் பிறகுதான் வர வேண்டும். நின்ற இடம் சரியாக இருந்தால் அகலமான லென்ஸில் எடுத்துப் பின்னர் வெட்டிக்கொள்ளலாம். நின்ற இடம் தவறானால் எந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இது எவ்வளவு நுட்பமானது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். தூண் 5 மீட்டர் தொலைவிலும் ஜன்னல் உள்ள சுவர் 50 மீட்டர் தொலைவிலும் இருந்தால், நாம் 10 சென்டிமீட்டர் இடதுபக்கம் நகரும்போது தூணின் விளிம்பு அந்தச் சுவரின் மேல் 90 சென்டிமீட்டர் வலதுபக்கம் நகர்ந்துவிடும். ஜன்னலைத் தொட்டுக்கொண்டிருந்த தூண் ஜன்னலையே மறைத்துவிடும். திறந்த வானத்தின் கீழ் ஃபோனில் உள்ள ஜிபிஎஸ் காட்டும் இடம் ஏறக்குறைய 5 மீட்டர் அளவுக்குப் பிசகக் கூடியது. அதை நம்பி முக்காலி வைப்பவர் சரியான தெருவில்தான் நிற்பார், சரியான கல்லின் மேல் நிற்கமாட்டார்.

நிழல் இன்னொரு கடிகாரம். சூரியன் வானத்தில் செல்லும் பாதை, கோடையின் மிக நீண்ட பகலுக்கு இருபுறமும் ஒன்றுபோல் அமைவதால், ஏப்ரல் பிற்பாதியில் ஒரு தாழ்வாரத்தின் நிழல் சுவரில் விழும் கோடு ஆகஸ்ட் பிற்பாதியிலும் கிட்டத்தட்ட அதே கோட்டில் விழும். எனவே பழைய படத்தின் நாளும் நேரமும் தெரியாவிட்டாலும், நிழலைக் கொண்டு ஆண்டில் இரண்டு வாய்ப்புகளைக் கணித்துக்கொள்ளலாம். பெரெனிஸ் அபட் 1930-களில் எடுத்த நியூயார்க் படங்களை டக்ளஸ் லெவீர் என்பவர் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மீண்டும் எடுத்தபோது, அதே வகைப் பெரிய கேமராவையும் நாளின் அதே வேளையையும் தேடிப் போனார் என்றால், அது வெறும் பக்தி அல்ல. வெளிச்சம் வேறுபட்டால், சுவரில் தெரிவது கறையா நிழலா என்ற எளிய கேள்விக்குக்கூட இரண்டு படங்களும் இரண்டு பதில்களைச் சொல்லும்.

இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த பழைய படம், நாம் நினைக்கும் அளவுக்கு நேர்மையான சாட்சி அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான டாகுவேர் 1838-இல் பாரிஸில் எடுத்த ஒரு சாலைப் படத்தில் சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது. காலணிக்கு மெருகேற்றிக்கொண்டு நின்ற ஒருவர் மட்டும் ஓரத்தில் தெரிகிறார். அந்தச் சாலையில் வண்டிகளும் மக்களும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பல நிமிடங்கள் லென்ஸ் திறந்திருந்ததால், நகர்ந்தவர்கள் எல்லாரும் படத்தில் பதியாமல் கரைந்துபோக, அசையாமல் நின்றவர் மட்டும் தங்கினார். இதை அறியாமல், அன்று அமைதியாக இருந்த இடம் இன்று நெரிசலாகிவிட்டது என்று இணைப்படத்தின் கீழ் எழுதிவிடுவது எளிது. 19-ஆம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கே அதிகம் இசைந்தவை என்பதால், அவற்றில் வானம் வெறும் வெள்ளையாகவும், செம்மண்ணும் செங்கல்லும் உள்ளதைவிடக் கறுப்பாகவும் பதிவாகும். அந்தக் கறுப்பைப் பார்த்துச் சுவர் அன்று புகையேறிக் கிடந்தது என்று முடிவு செய்துவிடக் கூடாது. கேமராவைப் பிடித்தவரின் கைவேலையும் உண்டு. யூட்டாவின் வெபர் பள்ளத்தாக்கில் ஓசல்லிவன் 1869-இல் எடுத்த பாறைகளின் படத்தை, மேற்சொன்ன மறுபடக் குழு அதே இடத்தில் நின்று எடுத்துப் பார்த்தபோது, அவர் கேமராவையே சாய்த்து வைத்து மலைச்சரிவை உள்ளதைவிடச் செங்குத்தாகக் காட்டியிருந்தது வெளிப்பட்டது. நூறாண்டு கழித்து ஒரு பழைய படத்தைக் கையும் களவுமாகப் பிடிக்க முடிந்தது இந்த முறையின் வலிமைக்குச் சான்று என்றே நான் கருதுகிறேன்.

வேறெந்த முறையாலும் தர முடியாத செய்திகளை இந்த முறை தருவதும் உண்மை. ஹம்பியின் இடிபாடுகளை அலெக்சாண்டர் கிரீன்லா 1856-இல் மெழுகு பூசிய தாள் நெகட்டிவ்களில் எடுத்தார்; 1983-இல் ஜான் காலிங்ஸ் என்ற ஆஸ்திரேலியப் புகைப்படக் கலைஞர் அதே இடங்களில் நின்று மீண்டும் எடுத்தார். விட்டலர் கோயிலின் கல்தேரை இன்று பார்ப்பவர்கள் அது என்றுமே இப்படித்தான் இருந்தது என்று எண்ணுவார்கள். கிரீன்லாவின் படத்தில் அந்தத் தேரின் மேல் செங்கல்லால் கட்டிய ஒரு சிகரம் நிற்கிறது. பின்னர் அது அகற்றப்பட்டுவிட்டது. எல்லாருக்கும் பழக்கமான அந்த வடிவம், ஒரு பகுதியை இழந்த பிறகு மிஞ்சிய வடிவம் என்பதைச் சொல்ல அந்தத் தாள் நெகட்டிவ் தேவைப்பட்டது.

ஆனால் இந்த முறையின் குறை அதன் அடித்தளத்திலேயே இருக்கிறது. பழைய புகைப்படக்காரர் எதை எடுக்கத் தகுந்தது என்று நினைத்தாரோ அதை மட்டுமே நாமும் எடுக்க முடியும். முகப்பை எடுத்தவர் பின்கட்டை விட்டிருப்பார், கோட்டையை எடுத்தவர் அதைக் கட்டியவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளை விட்டிருப்பார். கைவிடப்பட்ட இடங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பழைய படமே கிடையாது. கிடைத்தாலும், இரண்டு படங்கள் இரண்டு நுனிகளை மட்டும் காட்டுமே தவிர, நடுவில் நடந்ததைச் சொல்லாது. 1920-இல் நின்ற கட்டடம் இன்று இல்லை என்றால், பார்ப்பவர் மனம் அதைச் சிறிது சிறிதாகச் சரிந்த ஒரு கதையாகவே கற்பனை செய்துகொள்ளும். உண்மையில் அது ஒரே இரவில் எரிந்திருக்கலாம், அல்லது இடிக்கப்பட்டு, மீண்டும் கட்டப்பட்டு, மறுபடியும் இடிக்கப்பட்டிருக்கலாம். கிளெட்டே இதை உணர்ந்தவர்போல் 1997 முதல் 2000 வரை அதே இடங்களுக்கு மூன்றாம் முறையாகச் சென்றார். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு மட்டும்தான் வரைய முடியும். மூன்றாவது புள்ளி வந்த பிறகுதான் கோடு வளைந்திருந்தது தெரியும்.

இரண்டாவது முறை இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகளை அளப்பதற்காக ஜெர்மானியக் கணித அறிஞர் செபாஸ்டியன் ஃபின்ஸ்டர்வால்டர் 1880-களின் இறுதியில் குறித்த இடங்களிலிருந்து படமெடுத்தது, இந்த முறையின் அறிவியல் தொடக்கங்களில் ஒன்று. கட்டடங்களுக்கும் தெருக்களுக்கும் இதைப் பொறுமையாகச் செய்தவர்களில் சிலியில் பிறந்த காமிலோ ஹோசே வெர்காரா முதன்மையானவர். 1970-களிலிருந்து அமெரிக்க நகரங்களின் வறிய பகுதிகளில் அதே முகவரிகளுக்கு மீண்டும் மீண்டும் சென்றுவந்த அவர், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரே கடைமுகப்பை 1977 முதல் எடுத்து வந்திருக்கிறார். அந்த வரிசையில் எந்த ஒரு படத்தையும் தனியாகப் பார்த்தால், யாரும் நின்று பார்க்காத ஒரு கடையின் படம்தான். வரிசையாக வைத்தால் பெயர்ப்பலகை மாறுகிறது, கதவு அடைபடுகிறது, புதிய வியாபாரம் வருகிறது, போகிறது. ஒரு தெருவின் வரவுசெலவுக் கணக்கைப் படித்துவிடலாம்.

சரிவு மட்டும்தான் மாற்றம் என்ற மயக்கத்தை உடைப்பதும் இந்த முறைதான். டெட்ராய்ட் நகரின் மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம் 1913-இல் திறக்கப்பட்டது. 1988 ஜனவரியில் கடைசி ரயில் புறப்பட்டுப் போனது. அடுத்த முப்பது ஆண்டுகளில், உடைந்த ஜன்னல்கள் வரிசை வரிசையாகத் தெரியும் அதன் முகப்பு, உலகெங்கும் இடிபாட்டுப் படங்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஒரு நாள் வந்து அந்த முகப்பை எடுத்துச் சென்றவர்கள் ஒரு நகரத்தின் முடிவை எடுத்துவிட்டதாக நினைத்தார்கள். 2018-இல் ஃபோர்டு நிறுவனம் கட்டடத்தை வாங்கியது. 2024 ஜூனில் அது மீண்டும் திறக்கப்பட்டது. ஒரு முறை வந்து போனவரிடம் ஒரு முடிவுரை மட்டும் இருக்கிறது. ஆண்டுதோறும் அதே நடைபாதையில் நின்றவரிடம் முழுக் கதையும் இருக்கிறது. 'மறக்கப்பட்ட இடம்' என்ற சொல்லைப் பயன்படுத்தும்போதெல்லாம், யாரால் மறக்கப்பட்டது என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வது நல்லது. பக்கத்தில் குடியிருப்பவர்கள் எதையும் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த முறை கேட்கும் விலை ஒழுங்கு. கைவிடப்பட்ட ஒரு நீரேற்று நிலையத்தை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எடுத்த பிறகுதான் என் தவறு எனக்கே தெரிந்தது. முதல் ஆண்டு கதவருகே நின்று ஃபோனின் மிக அகன்ற லென்ஸில் எடுத்திருந்தேன். இரண்டாம் ஆண்டு சற்றுப் பின்னால் நின்று முதன்மை லென்ஸில் எடுத்திருந்தேன். இரண்டு படங்களிலும் கட்டடம் ஒரே அளவில் இருந்ததால், ஒரே இடத்திலிருந்து எடுத்ததாகவே நம்பியிருந்தேன். மூன்றாம் ஆண்டு படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, பின்சுவர் முன்சுவரைவிட்டு விலகி நின்றது. சுவர் சாய்ந்துவிட்டதோ என்று அரை நாள் குழம்பினேன். நகர்ந்தது சுவர் அல்ல, நான். அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் நான்கு வரிகள் எழுதி வைக்கிறேன்: முக்காலி எந்த இரண்டு நிலையான பொருள்களிலிருந்து எவ்வளவு தூரம், லென்ஸ் தரையிலிருந்து எவ்வளவு உயரம், எந்த லென்ஸ், எந்த நாள் எந்த நேரம். நிலையான பொருள் என்றால் மரமோ வேலிக்கம்பமோ அல்ல. பாலத்தின் மூலைக்கல், படிக்கட்டின் முதல் படி போன்று, அந்தக் கட்டடமே போனாலும் கடைசியாகப் போகக் கூடியதாக அது இருக்க வேண்டும்.

ஃபோனைப் பயன்படுத்துவதில் தவறில்லை. அதன் கெட்டிக்காரத்தனத்தைத்தான் கண்காணிக்க வேண்டும். அருகில் ஏதேனும் ஒரு பொருள் வந்தால் சில ஃபோன்கள் சொல்லாமலே லென்ஸை மாற்றிக்கொள்கின்றன. இருட்டான மூலைகளைத் தாமே வெளிச்சமாக்குகின்றன. பின்னர் ஒப்பிடுகிறவர், சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள் என்று எண்ணும் அளவுக்கு அந்தத் திருத்தம் போய்விடும். பழைய பெரிய கேமராக்களில் லென்ஸை மட்டும் மேலே உயர்த்த முடிந்ததால் உயரமான கோபுரங்களும் நிமிர்ந்தே நின்றன. ஃபோனை மேல்நோக்கிச் சாய்த்தால் அதே கோபுரம் உச்சியில் ஒடுங்கிப் பின்னால் விழுவதுபோல் தெரியும். கேமராவை மட்டமாக வைத்து, தேவைக்கு மேல் அகலமாக எடுத்து, கீழே உள்ள வெற்றுத் தரையைப் பின்னர் வெட்டிக்கொள்வதுதான் செலவில்லாத தீர்வு.

எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை செல்வது என்பது இடத்தைப் பொறுத்தது. நமீபியாவில் 1956-இல் முற்றிலும் கைவிடப்பட்ட கோல்மன்ஸ்காப் வைரச் சுரங்க ஊரில் காற்று மணலை அறைகளுக்குள் கொண்டுவந்து கொட்டுகிறது. அங்கே சில மாதங்களிலேயே ஒரு வாசல் வேறு வாசலாகிவிடும். கருங்கல் மதிலுக்கு ஆண்டுக்கு ஒரு முறை போதும். செடிகொடிகள் மண்டும் இடமாக இருந்தால், இலை மிகக் குறைவாக உள்ள பருவத்தைத் தேர்ந்து ஒவ்வோர் ஆண்டும் அதே பருவத்தில் செல்ல வேண்டும். தானாகவே படமெடுக்கும் கேமராவைப் பொருத்திவிட்டு வந்துவிடலாமே என்று பலர் கேட்பதுண்டு. பனியாற்றுக்கு அது பொருந்தும், கைவிடப்பட்ட கட்டடத்தில் அது அடுத்த முறை நாம் போகும்போது இருக்காது.

மூன்றாவது முறையை, அதாவது ஒரே மூச்சில் முழுவதையும் எடுப்பதை, பலர் அரைகுறை வேலை என்று ஒதுக்குகிறார்கள். மீண்டும் வர முடியாது என்பது உறுதியானால் இதைவிடப் பொறுப்பான வழி இல்லை. 1851-இல் பிரான்சின் வரலாற்றுச் சின்னங்கள் ஆணையம், எந்தெந்தக் கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என்று முடிவு செய்வதற்காக ஐந்து புகைப்படக்காரர்களை நாட்டின் பல பகுதிகளுக்கு அனுப்பியது. அவர்களில் குஸ்தாவ் லெ கிரேயும் ஒகுஸ்த் மெஸ்த்ரலும் கார்காசோன் கோட்டையை எடுத்தார்கள். கட்டடக் கலைஞர் வியோலெ-லெ-டுக் அந்தக் கோட்டையை மறுசீரமைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கோபுரங்களுக்கு அவர் வைத்த கூம்புக் கூரைகள் சரியா தவறா என்ற சர்ச்சையில் அந்தப் படங்கள் இன்றும் பேசும் சாட்சிகள். இடிவது மட்டுமல்ல, அக்கறையோடு செய்யப்படும் பழுதுபார்ப்பும் பழையதை அழிக்கக் கூடியதே என்பதால், வேலை தொடங்குவதற்கு முந்தைய வாரம்தான் இத்தகைய பதிவுக்கு மிக மதிப்புள்ள வாரம்.

வரிசைமுறை என்றால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் ஓர் எடுத்துக்காட்டு. 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் 21 நெகட்டிவ்களில் அடுத்தடுத்து எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஒட்டினார். அழகுக்காக யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். படிக்க முடிய வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. ஜெர்மனியில் பெர்ன்ட் பெக்கரும் ஹில்லா பெக்கரும் 1959 முதல் நீர்த்தொட்டிகள், சுரங்கக் கோபுரங்கள், உலைகள் ஆகியவற்றை எப்போதும் மேகமூட்டமான வெளிச்சத்தில், நேர்முகமாக, ஒரே ஒழுங்கில் எடுத்ததும் இந்த வழிதான். 1990-இல் வெனிஸ் கலைவிழாவில் அவர்களுக்குச் சிற்பத்துக்கான பரிசைக் கொடுத்தார்கள் என்பது ஒரு சுவையான செய்தி. மாற்றத்தை இந்த முறை காட்டாது. ஆனால் பின்னர் வரும் ஒருவர் மாற்றத்தைக் காட்டுவதற்கு வேண்டிய முழு மூலதனத்தையும் இது சேர்த்து வைத்துவிடும்.

நான்காவது முறை புதியது என்று நாம் நினைத்தாலும், அதன் வேர் 1858-க்குச் செல்கிறது. ஜெர்மனியின் வெட்ஸ்லார் தேவாலயத்தை ஏறி அளந்துகொண்டிருந்தபோது கீழே விழப் பார்த்த ஆல்பிரெக்ட் மெய்டன்பாவர் என்ற கட்டடப் பொறியாளர், புகைப்படத்திலிருந்தே அளவெடுத்துக்கொண்டால் என்ன என்று யோசித்தார். 1885-இல் பிரஷ்ய அரசு அதற்கென்று ஒரு நிறுவனத்தையே தொடங்கியது; அங்கே சேர்ந்த கண்ணாடித் தகடுகள், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இடிந்த கட்டடங்களை மீண்டும் எழுப்பப் பயன்பட்டன. நம் காலத்தில் பாரிஸின் நோத்ர் தாம் தேவாலயத்தைக் கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் 2010-இல் லேசர் கருவியால் அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருந்தார். 2019 ஏப்ரலில் தீப்பிடித்த பிறகு அந்த அளவுகளின் அருமை தெரிந்தது. லேசர் இல்லாதவரும் சாதாரணக் கேமராவில் இதற்கு நெருக்கமாக வரலாம். அடுத்தடுத்த படங்கள் 70 சதவிகிதத்துக்குக் குறையாமல் ஒன்றின் மேல் ஒன்று படிய வேண்டும், வெயில் இல்லாத சீரான வெளிச்சம் வேண்டும், அளவுகோல் ஒன்று எங்காவது சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். தேய்ந்துகொண்டிருக்கும் சிற்பத்துக்கும் கல்வெட்டுக்கும் இதைவிடச் சிறந்த வழி இல்லை. காற்றில் அசையும் இலை, கண்ணாடி, தேங்கிய நீர் ஆகிய மூன்றும் வந்தால் மாதிரி குழம்பிப்போகும். பாழடைந்த கட்டடங்களில் இந்த மூன்றும் ஏராளம்.

என்னுடைய தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. 1086-இல் இங்கிலாந்தில் எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலப்பதிவேட்டின் 900-ஆவது ஆண்டை ஒட்டி, 1986-இல் பிபிசி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பங்களித்த ஊர்ப்படங்களையும் குறிப்புகளையும் சிறப்பு லேசர் வட்டுகளில் பதிந்தது. இருபது ஆண்டுகளுக்குள் அந்த வட்டுகளைப் படிக்கும் இயந்திரங்கள் அரிதாகிவிட்டன. தோலில் மையால் எழுதிய 1086-ஆம் ஆண்டுப் பதிவேட்டை இன்றும் விரித்துப் படிக்கலாம். முப்பரிமாணக் கோப்பும் குறிப்பிட்ட மென்பொருளை நம்பி வாழ்வது. எனவே இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர் மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு மூலப்படங்களை அழித்துவிடக் கூடாது. நாளை வரும் வேறொரு மென்பொருளுக்கு அந்தப் படங்களே மீண்டும் போதும்.

எந்த வழியாக இருந்தாலும் சிலவற்றில் வேறுபாடு இல்லை. உடைமையாளரின் அனுமதி, தனியாகச் செல்லாமை, உளுத்த தளத்தில் கால் வைக்காமை, வௌவால் எச்சம் மண்டிய அறையில் முகக்கவசம் ஆகியவற்றை விரித்துச் சொல்லத் தேவையில்லை. சரியான இருப்பிடத்தைப் பொதுவில் போடுவதா என்பதில் மட்டும் என் கருத்து உறுதியானது: காவல் இல்லாத இடத்தில் பெயர்த்து எடுக்கக் கூடிய சிற்பமோ உலோகமோ இருந்தால், படத்தில் பதிந்துள்ள இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டே வெளியிட வேண்டும். முழுக் குறிப்போடு கூடிய படி, ஆவணக் காப்பகத்திலோ நூலகத்திலோ இருக்கட்டும்.

இனி முடிவுக்கு வரலாம். நம்பகமான பழைய படம் ஒன்று கையில் இருந்தால், முதல் முறையில் தொடங்கி, அதே இடத்தை இரண்டாவது முறைக்கும் நிலையிடமாக்கிக்கொள்வது எல்லாவற்றிலும் சிறந்தது. ஒரு நாள் உழைப்பில் நூறாண்டு முன்னோட்டம் கிடைத்துவிடுகிறது. பழைய படம் இல்லை, ஆனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது வர முடியும் என்றால், மூன்று முதல் ஐந்து நிலையிடங்களைத் தேர்ந்து, அவற்றில் ஒன்றையாவது கட்டடத்தையும் அதைச் சுற்றியுள்ள வாழ்க்கையையும் சேர்த்துக் காட்டுவதாக வைத்துக்கொண்டு, இரண்டாவது முறையில் இறங்கலாம். பெரும்பாலானவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதையே. ஐம்பது கோணங்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் இரண்டாம் ஆண்டே களைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இடிக்கும் நாள் குறித்தாகிவிட்டது என்றால் மூன்றாவது முறை. அப்போதும் படங்கள் ஒன்றின் மேல் ஒன்று தாராளமாகப் படியும்படி எடுத்துவிட்டால், நான்காவது முறைக்கான கதவும் திறந்தே இருக்கும். செதுக்கலும் எழுத்தும் தேய்ந்துகொண்டிருக்கும் இடத்துக்கு மட்டும் நேரடியாக நான்காவது முறையிலேயே தொடங்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் புறப்படும் முன் இன்னும் ஒரு படம் எடுக்க வேண்டியிருக்கிறது. முக்காலியை அதே இடத்தில் நிற்க விட்டுவிட்டு, பத்து அடி பின்னால் சென்று, முக்காலியின் மூன்று கால்களும் தரையைத் தொடும் இடங்கள், அருகிலுள்ள மூலைக்கல், எதிரே உள்ள கட்டடம் ஆகிய மூன்றும் ஒரே சட்டகத்தில் வரும்படி ஃபோனில் ஒன்று. கண்காட்சியில் வைக்கத் தகுந்த படம் அல்ல அது; நமக்குப் பின் அங்கே வருகிறவர் முதலில் தேடப்போவது அதைத்தான்.